கல்லெழுத்தும் உயிரெழுத்தும்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் கல்லிலே பாட்டுகளை வெட்டி வைத்தான். அவற்றுள் ஒன்றின் பொருள் இந்த அவையில் பலருக்கும் தெரிந்ததே. இக்கோயிலுக்கு என்றேனும் ஒரு பழுது நேருமாயின், அதைத் திருத்திப் புரக்கின்றவர் யாராயினும் அவர் அடியில் வீழ்ந்து பணிவதாக அம்மன்னன் அதில் சொல்லுகின்றான். பதினைந்தாம் நூற்றாண்டில் அரியணையில் இருந்த ஒருவன், இன்னும் பிறவாத ஒரு கொத்தனுக்கும் தச்சனுக்கும் முன்கூட்டியே வணக்கம் செலுத்தி விட்டான். கட்டுகிறவனுக்குத் தன் கட்டடத்தின் மேல் பெருமை இருப்பது இயல்பு. அது பழுதுபடும் என்று அறிந்து கட்டுவது அரிது. நெடுங்காலம் சிதைந்து நின்ற அந்த இராசகோபுரம் மீண்டும் எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. அந்தப் பாட்டுக்கு ஐந்து நூற்றாண்டு கழித்துக் கிடைத்த விடை அது.

உயிரணுவைப் பற்றிய பேச்சுக்குக் கோயிலில் ஏன் தொடக்கம் என்று சிலர் எண்ணலாம். காரணம் இதுதான்: உயிரணுவுக்குள் இருப்பதும் ஒரு நூல். அது எழுத்தால் ஆனது, படியெடுக்கப்படுவது, பிழைபடுவது, பிழை திருத்தப்படுவது. இவற்றைப் பற்றித் தமிழ்ப் புலவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியது மிகக் குறைவு.

அந்த நூலின் பெயர் டி.என்.ஏ. அதில் நான்கே எழுத்துகள்: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். சர்க்கரையும் பாசுபேட்டும் மாறிமாறிக் கோத்த இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றி வலப்புரியாய் முறுக்கிக் கிடக்கின்றன. இழைகளின் உட்புறத்தில் இந்த எழுத்துகள் கைகோத்து நிற்கின்றன. அடினின் எதிரே தைமின்தான் நிற்கும்; குவானின் எதிரே சைட்டோசின்தான் நிற்கும். வேறு இணை பொருந்தாது. ஆகவே ஓர் இழையைப் படித்தவருக்கு மற்றதைக் காணாமலே எழுதிவிடலாம். மனித உயிரணு ஒன்றில் தாய்வழி ஒரு படியும் தந்தைவழி ஒரு படியும் உண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்திணைகள். இழுத்து நீட்டினால் மொத்தம் இரண்டு மீட்டர் வரும். கண்ணுக்குப் புலப்படாத ஓர் உட்கருவுக்குள் அது சுருண்டு கிடக்கிறது.

இந்த வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரலில் வெளியிட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய எக்ஸ் கதிர்ப் படம் இலண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வறையில் 1952-இல் எடுக்கப்பட்டது. அப்படம் அவர் அறியாமல் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1958-இல், 37 வயதில், அவர் மறைந்தார். 1962-இல் நோபல் பரிசு பிறருக்குப் போயிற்று. தனிப்பாடல் திரட்டுகளில் பெயர் இழந்த புலவர்களை அறிந்த அவைக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

மூல நூல் உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. வேலை நடப்பதோ வெளியே. ஆகவே வேண்டிய பகுதி மட்டும் ஒரு தனி ஏட்டில் படியெடுக்கப்படுகிறது. அந்த ஏடுதான் ஆர்.என்.ஏ. அதற்கு இழை ஒன்றே; அதன் சர்க்கரையில் ஓர் ஆக்சிஜன் கூடுதல்; தைமின் நிற்கும் இடத்தில் யுராசில் என்னும் வேறோர் எழுத்து. அந்த ஓர் ஆக்சிஜன் அதை விரைவில் சிதையச் செய்கிறது. இதைக் குறை என்று கொள்ளலாகாது. கட்டளை முடிந்ததும் கட்டளை ஓலை அழிந்தே ஆகவேண்டும். சில நிமிடங்களோ சில மணி நேரமோ வாழ்ந்து அது மறைகிறது. டி.என்.ஏ. கல்வெட்டு, ஆர்.என்.ஏ. பனையோலை.

படியெடுத்தலில் ஒரு விந்தை உண்டு. 1977-இல்தான் அது தெரியவந்தது. கண்டறிந்த ஷார்ப், ராபர்ட்ஸ் இருவருக்கும் 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனித மரபணு பெரும்பாலும் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருப்பதில்லை. பொருளுள்ள பகுதிகளுக்கு நடுவே நீண்ட இடைச்செருகல்கள் கிடக்கின்றன. உயிரணு அவற்றையும் சேர்த்தே படியெடுக்கிறது; பிறகு அந்தப் படியிலிருந்து இடைச்செருகல்களை வெட்டி எறிந்து, எஞ்சியவற்றை ஒட்டுகிறது. தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோபின் என்னும் புரதத்தின் மரபணு ஏறத்தாழ 22 லட்சம் எழுத்து நீளம். ஒருமுறை படியெடுக்கவே 16 மணி நேரம் ஆகிறது. வெட்டி ஒட்டிய பின் மிஞ்சுவது 14,000 எழுத்து அளவுதான். இதில் கை தவறினால் குழந்தையின் தசை நாளடைவில் நலிந்து, நடை போய்விடுகிறது.

இடைச்செருகல் என்ற சொல்லைக் குற்றாலத்தின் நிழலில் உச்சரித்தால் ரசிகமணி டி.கே.சி. நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. கம்பன் பாட்டு எது, பின்வந்தோர் நுழைத்தது எது என்று செவியையே உரைகல்லாக வைத்துத் தரம் பிரித்தவர் அவர். வெட்டினார்; சில இடங்களில் சொல்லையே மாற்றினார்; தாம் தேர்ந்ததைக் 'கம்பர் தரும் ராமாயணம்' என்று பதிப்பித்தார். புலவர்கள் சினந்தார்கள். அந்த வழக்கு 1954-இல் அவர் மறைந்த பின்னும் ஓயவில்லை. அதில் தீர்ப்புச் சொல்வது இவ்வுரையின் வேலையன்று. ஆனால் உயிரணுவின் வழக்கம் ஒன்றைக் குறிப்பிடலாம். அது எத்தனை துணிவாக வெட்டினாலும் படியில்தான் வெட்டுகிறது. மூலத்தில் கை வைப்பதில்லை. வேறோர் உறுப்பில், வேறொரு வேளையில், அதே மூலத்தை வேறு விதமாக வெட்டி வேறொரு புரதத்தை ஆக்கவும் அதற்கு இயலுகிறது. ரசிகமணியின் எதிர்ப்பாளர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்: ரசனைக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளுங்கள், மூலம் மூலமாகவே இருக்கட்டும்.

வெட்டி ஒட்டப்பட்ட ஏடு உட்கருவை விட்டு வெளியேறி ரைபோசோம் என்னும் பணிக்கூடத்தை அடைகிறது. அங்கே மொழிபெயர்ப்பு நடக்கிறது. அறிவியலார் அதற்கு இட்ட பெயரே அதுதான். நான்கு எழுத்து மொழி ஒன்று, இருபது அமினோ அமிலங்களால் ஆன புரத மொழிக்கு மாற்றப்படுகிறது. மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல்; ஆகச் சொற்கள் 64. அவற்றுள் 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கும், மூன்று முற்றுப்புள்ளிகள்.

இந்த அகராதியைத் தொகுத்தவர்களுள் ஒருவர் ஹர் கோவிந்த் கொரானா. பஞ்சாபில் ராய்ப்பூர் என்ற சிற்றூரில் 1922-இல் பிறந்தவர். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அவர் கையாண்ட முறை யாப்பு அறிந்தவர்க்கு இனிக்கும். எழுத்துகளை ஒரு சந்தத்தில் அடுக்கிச் செயற்கை ஆர்.என்.ஏ. செய்தார். யுராசில், சைட்டோசின், யுராசில், சைட்டோசின் என்று இரண்டே எழுத்து மாறிமாறி வரும் நீண்ட இழை அது. அதை மூன்று மூன்றாக அசை பிரித்தால் இரண்டு சொற்களே மாறிமாறி வரும். விளைந்த புரதத்திலும் செரின், லியூசின் என்ற இரண்டே அமிலங்கள் மாறிமாறி நின்றன. சொல் மூவெழுத்தால் ஆனது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1968-இல் நிரன்பெர்க், ஹோலி ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மொழிபெயர்ப்பாளர் வேலையைச் செய்வது மற்றொரு வகை ஆர்.என்.ஏ. அதன் ஒரு முனை ஏட்டின் மூவெழுத்தை அறியும்; மறுமுனை அதற்குரிய அமினோ அமிலத்தைச் சுமந்திருக்கும். இரு மொழியும் அறிந்த தூதன். பணிக்கூடமாகிய ரைபோசோமின் பெரும்பகுதியும் ஆர்.என்.ஏ.தான். அமிலங்களைக் கோக்கும் மையச் செயலைச் செய்வதும் அதுவே என்பது 2000-ஆம் ஆண்டு வாக்கில் உறுதியாயிற்று. அந்த ஆண்டு ரைபோசோமின் சிறு கூற்றினது அமைப்பை அணு அணுவாக வரைந்து வெளியிட்டவர் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சரியான தூதன் வந்தானா என்று ரைபோசோம் எப்படிச் சோதிக்கிறது என்பதை அவர் குழு காட்டியது. முதல் இரண்டு எழுத்துகளின் பொருத்தத்தை அது கண்டிப்பாகத் தொட்டுப் பார்க்கிறது. மூன்றாம் எழுத்தில் சற்றே விட்டுக்கொடுக்கிறது. செய்யுளிலும் எல்லா இடத்திலும் ஒரே கண்டிப்பு இல்லை. எதுகைக்கு இரண்டாம் எழுத்து தவறக்கூடாது, மற்றவற்றுக்கு இடம் உண்டு.

இப்படி உருவான புரதமே உடலைக் கட்டுகிறது, உணவைச் செரிக்கிறது, இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கிறது. தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி வடிவத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் சொன்னார்கள். இருபுரி வெளியான மறு ஆண்டே முப்புரி. உலகம் முன்னதைப் பாடமாக்கிக்கொண்ட அளவுக்குப் பின்னதை ஆக்கிக்கொள்ளவில்லை, அது போகட்டும்.

இனிப் பிழையைப் பற்றி. எழுத்து என்று இருந்தால் பாடபேதமும் இருக்கும். உயிரணு பிரியும்போது நூல் முழுவதும் படியெடுக்கப்பட வேண்டும். படியெடுக்கும் நொதி லட்சம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறுகிறது. நல்ல எழுத்தர்தான், ஆனால் 300 கோடி எழுத்துக்கு அது போதாது. எழுதியதும் திரும்பிப் பார்த்துத் தானே திருத்துவதால் பிழை கோடிக்கு ஒன்றாகக் குறைகிறது. பின்னால் வேறொரு குழு வந்து சரிபார்க்கிறது. அப்போது நூறு கோடிக்கு ஒன்று. உலகில் எந்த அச்சகத்துக்கும் இந்தப் பெருமை இல்லை. இந்த விழா மலரும் விலக்கன்று.

படியெடுக்காத போதும் எழுத்து அழியும். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சைட்டோசின் தானாகவே சிதைந்து யுராசிலாகி விடுகிறது; ஓர் உயிரணுவில் நாள் ஒன்றுக்கு நூறு அளவில் இது நேர்கிறது. கல்வெட்டிலே யுராசில் ஏன் இல்லை, ஓலையில் மட்டும் ஏன் இருக்கிறது என்ற வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. டி.என்.ஏ.யில் யுராசிலும் முறையான எழுத்தாக இருந்திருந்தால், சிதைந்து வந்த யுராசிலை முறையானதிலிருந்து பிரித்தறிய முடியாது. தைமின் இருப்பதனால், யுராசில் எங்கே கண்ணில் பட்டாலும் அது பிழை. அதைத் தேடித் திரியும் ஒரு நொதியை 1974-இல் தாமஸ் லிண்டால் கண்டார். பழுதான இடத்தை வெட்டியெடுத்து, எதிர் இழையைப் பார்த்து மீண்டும் நிரப்புகிறது உயிரணு. இழை இரண்டாய் இருப்பதன் அருமை அப்போது விளங்கும். ஒன்று கெட்டால் மற்றது சாட்சி. பழுது பார்க்கும் வழிகளைக் கண்ட லிண்டால், மாட்ரிச், சான்சார் மூவருக்கும் 2015-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. பராக்கிரம பாண்டியன் எவர் அடியில் வீழ்வதாகச் சொன்னானோ, அவர்களைப் போன்றோர் ஒவ்வோர் உயிரணுவிலும் இரவு பகலாக வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

அப்படியும் சில பிழைகள் தப்பிவிடும். குருதிச் சிவப்பணுவின் ஹீமோகுளோபின் மரபணுவில் அடினின் இருக்கவேண்டிய ஓரிடத்தில் தைமின் வந்தால், ஓர் அமினோ அமிலம் மாறுகிறது. அணு அரிவாள் போல வளைகிறது. இரு பெற்றோரிடமிருந்தும் அப்பிழையைப் பெற்ற குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் வலி. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அது இருப்பதை 1952-இல் கண்டார்கள். ஆனால் ஒரு படியில் மட்டும் அப்பிழை உள்ளவரை மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை. காய்ச்சல் மிகுந்த காடுகளில் அந்தப் பாடம் நிலைத்ததற்கு அதுவே காரணம். எது பிழை, எது பாடம் என்பதை ஏடு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஏடு வாழும் இடமும் தீர்மானிக்கிறது.

பிழையால் மற்றொரு பயனும் உண்டு. சுவடிகளைப் பதிப்பித்தோர் அறிந்த உண்மை இது: இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவை இரண்டும் ஒரு தாய் ஏட்டிலிருந்து வந்தவை. சரியான பாடம் எங்கும் இருக்கும். அதனால் உறவு தெரியாது. பிழைதான் குலத்தைச் சொல்லும். உயிரினங்களின் குலமுறையை வகுப்பதும் இவ்வாறே.

அதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. தென்காசியிலிருந்து மேற்கே பார்த்தால் மலைத்தொடர் ஓரிடத்தில் தாழ்கிறது. அது செங்கோட்டைக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நுழைந்துதான் குற்றாலத்துச் சாரலைத் தருகிறது. 1904-இல் கொல்லத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியதும் அதன் வழியேதான். காற்றும் மேகமும் வணிகரும் இரயிலும் கடந்த அந்த இடைவெளியைச் சிரிப்பான் என்னும் சிறு பறவை கடக்கவில்லை. சிரிப்பதுபோல் கூட்டமாகக் குரல் எழுப்பும் பறவை அது. உயர்ந்த மலைமுடிகளில் குளிர்ந்த சோலைக் காடுகளில் மட்டும் வாழ்வது. தாழ்நிலத்தின் வெம்மை அதற்குக் கடல் போல. சிறகு இருந்தும் கடவாத கடல்.

கணவாய்க்கு வடக்கே, ஆனைமலையிலும் பழனிமலையிலும் வாழ்வது பழனிச் சிரிப்பான். தெற்கே, அகத்தியமலை சூழ்ந்த அசம்பு மலைகளில் வாழ்வது மற்றொன்று. பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர் முன்னதற்கு 1869-லும் பின்னதற்கு 1880-லும் பெயரிட்டார். பின்வந்த பலர் இரண்டையும் ஓரினத்தின் இரு பிரிவு என்றே கொண்டனர். இறகின் நிறத்தில் வேறுபாடு சிறிதே. வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சி. கே. விஷ்ணுதாஸ் முதலியோர் மலைமுடிகளில் ஏறி, பறவைகளை வலையில் பிடித்து, ஒரு துளிக் குருதி எடுத்து, மீண்டும் பறக்க விட்டார்கள். குருதியின் டி.என்.ஏ.யைப் படித்து, எழுத்து வேறுபாடுகளை ஒப்பிட்டார்கள். 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். தெற்குப் பறவை தனியினம். கணவாயின் இருபுறமும் இரண்டு படிகள் நெடுங்காலமாகத் தனித்தனியே எழுதப்பட்டு வந்திருக்கின்றன. அதற்கும் மேலாக, மேற்குத் தொடரின் இச்சிரிப்பான்கள் இமயச் சாரலின் சிரிப்பான்களோடு ஒரே பேரினத்தில் வைக்கத் தக்கவை அல்ல. இவை தனி மரபு. அந்த மரபுக்கு மான்டிசிங்க்ளா என்று புதுப்பெயர் இட்டார்கள். சோலையில் வாழும் மற்றொரு பாடும் பறவைப் பேரினத்துக்கு ஷோலிகோலா என்று பெயர். சோலை என்ற தமிழ்ச்சொல் அதில் ஏறிவிட்டது. பெயர் சூட்டியோர் புலவர்களைக் கலந்துகொள்ளவில்லை. ஆயினும் குறை சொல்வதற்கில்லை.

இச்செய்தி ஒரு துளிக் குருதியில் இத்தனை காலமும் இருந்தது. படிக்க ஆள் வந்தபோதும் ஏடு அங்கே இருந்தது. எல்லா ஏட்டுக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள கரிவலம்வந்தநல்லூருக்கு உ. வே. சாமிநாதையர் சுவடி தேடிப் போனார். வரகுண பாண்டியன் சேர்த்துவைத்தவை என்று சொல்லப்பட்ட ஏடுகள் அவ்வூர்க் கோயிலில் இருந்தன. அவர் போய்க் கேட்டபோது, பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாக விடை கிடைத்தது. அவற்றில் என்ன இருந்தன என்பது யாருக்கும் தெரியாது. ஒற்றை இழையாய் இருந்தவை. எதிர் இழை எங்கும் இல்லை. மலைமுடிச் சோலைகளும் அவ்வகையே. வெப்பம் ஏறும்போது தாழ்வில் உள்ள உயிர் மேலே நகரலாம்; உச்சியில் இருப்பது எங்கே போகும்?

கவிஞர்களுக்கு உரிய செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. சிரிப்பானும் சோலைப் பறவையும் பாடும் பறவைகளின் பெருங்குலத்தைச் சேர்ந்தவை. அக்குலத்துப் பறவைக்குத் தொண்டையையும் செவியையும் கற்கும் மூளையையும் டி.என்.ஏ. தருகிறது. பாட்டை முழுதாகத் தருவதில்லை. குஞ்சு கூட்டில் இருந்தும் கிளையில் இருந்தும் மூத்த பறவைகளின் குரலைக் கேட்கிறது, உள்ளே வைத்துக்கொள்கிறது, பிறகு தத்தித் தத்திப் பாடிப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. மூத்த குரலைக் கேளாமல் வளர்ந்த குஞ்சின் பாட்டுச் செம்மை அடைவதில்லை. நூலில் எழுதப்படாத அந்தப் பகுதி, வாயிலிருந்து செவிக்கும் செவியிலிருந்து வாய்க்குமாக, ஒவ்வொரு தலைமுறையிலும் நேரில் கைமாறிக்கொண்டிருக்கிறது.